நானூறு பேருக்கு ஒரு விருந்து

மலேசியாவில் பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் பணியாளர்கள் அனைவரையும் விருந்துக்கு அழைக்கின்றன. வங்கி, தொழிற்சாலை, மருத்துவமனை, தோட்ட நிறுவனம் எனப் பல துறைகளிலும் இவ்வழக்கம் உண்டு. பெரும்பாலும் ஒரு தங்கும் விடுதியின் விருந்து மண்டபத்தில், வட்ட மேசைக்குப் பத்துப் பேராக அமர்ந்து உண்பார்கள். நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்கு விருது வழங்கப்படும். பாட்டு, நடனம், அதிர்ஷ்டக் குலுக்கல் எல்லாம் இருக்கும். மற்ற நாள்களில் இயந்திரத்தின் அருகில் நிற்பவரும் குளிர்சாதன அறையில் அமர்ந்திருப்பவரும் அன்று ஒரே மண்டபத்தில் ஒரே உணவை உண்கிறார்கள். நிறுவனம் தம்மை எந்த அளவுக்கு மதிக்கிறது என்பதை ஒரு பணியாளர் அந்த நான்கு மணி நேரத்தில் கண்டுகொள்வார். அழைப்பிதழில் உள்ள வரவேற்புச் சொற்களைவிட, தமக்கு ஒதுக்கப்பட்ட இருக்கையும் தமக்கு வந்து சேர்ந்த உணவும் அவருக்கு அதிகம் சொல்லும்.

முப்பது பேர் வேலை செய்யும் அலுவலகமாக இருந்தால் இதில் சிக்கல் இல்லை. யாராவது ஒருவர் நல்ல உணவகத்தைத் தொலைபேசியில் அழைத்து மூன்று மேசைகளைப் பதிவு செய்துவிடலாம். நானூறு பேர் என்றால் கதை வேறு. ஷா ஆலமிலோ பிறையிலோ நானூறு பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மனிதவளப் பிரிவில் நான்கைந்து பேர்தாம் இருப்பார்கள். சம்பளக் கணக்கு, விடுப்பு, புதிய ஆட்களைச் சேர்த்தல் என்று அவர்களுக்கு ஏற்கெனவே வேலை நிறைந்திருக்கும். மண்டபம், உணவு, மேடை, ஒலி, ஒளி, பேருந்து, பரிசு, பாதுகாப்பு ஆகிய எல்லாவற்றையும் அவர்களே பார்க்க வேண்டுமென்றால் எங்காவது ஓர் இடத்தில் கை நழுவும். அதனால்தான் இத்தகைய நிறுவனங்கள் நிகழ்ச்சி ஏற்பாட்டையே தொழிலாகக் கொண்டவர்களின் உதவியை நாடுகின்றன.

இது நம் நாட்டில் நன்கு வளர்ந்துவிட்ட ஒரு தொழில். கோலாலம்பூர் மாநாட்டு மையம் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அனைத்துலக மாநாடுகளையும் கண்காட்சிகளையும் மலேசியாவுக்கு ஈர்ப்பதற்காக 2009ஆம் ஆண்டு ஒரு தனிப் பணியகமே அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கூடும் மாநாடுகளை நடத்திப் பழகிய ஒலிப் பொறியாளர்கள், மேடை அமைப்பாளர்கள், அறிவிப்பாளர்கள் ஆகியோரின் திறன் இன்று ஒரு சாதாரணத் தொழிற்சாலை விருந்துக்கும் கிடைக்கிறது.

ஆனால், ஒரு கேள்விக்கு மட்டும் அவர்களால் விடை சொல்ல முடியாது. இந்த விருந்து எதற்காக, யாருக்காக என்பதே அக்கேள்வி. கடினமான ஓர் ஆண்டைக் கடந்து வந்த பணியாளர்களுக்கு நன்றி கூற விரும்புகிறதா நிறுவனம்? இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர்களைச் சிறப்பிக்க விரும்புகிறதா? புதிதாக இணைந்த இரண்டு கிளைகளின் பணியாளர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டுமா? இதை நிறுவனம்தான் முடிவு செய்து, ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். “கலகலப்பாக இருந்தால் போதும்” என்று மட்டும் கூறினால், ஏற்பாட்டாளர் எல்லாருக்கும் விற்பதையே இவர்களுக்கும் விற்பார்: பெரிய திரை, வண்ண விளக்கு, ஒரு பாடகர், கொஞ்சம் புகை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நோக்கம் தெளிவானதும் முதலில் எழுவது தேதிச் சிக்கல். பல இன மக்கள் வாழும் நம் நாட்டில் இது எளிதன்று. நோன்பு மாதத்தில் இரவு விருந்து வைப்பது பொருந்தாது. அந்த மாதமோ ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். சென்ற ஆண்டு சரியாக அமைந்த தேதி இவ்வாண்டு அமையாமல் போகலாம். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் மாத நடுவிலிருந்து அக்டோபர் மாத நடு வரை புரட்டாசி. அம்மாதம் முழுவதும் சைவம் உண்ணும் இந்துக்கள் பலர் உள்ளனர். சீனர்களின் ஒன்பதாம் சந்திர மாதத்தில் வரும் ஒன்பது பேரரசர் விழாவின்போதும் சீனர்களில் பலர் ஒன்பது நாள் சைவ உணவையே உண்பர். இந்த இரண்டையும் அறியாத ஒருவர் அக்டோபர் முதல் வாரத்தில் கடல் உணவு விருந்தை ஏற்பாடு செய்தால் பாதி மேசைகளில் மீன் அப்படியே திரும்பிவிடும். டிசம்பர் மாத வார இறுதிகளை விரும்பாத நிறுவனமே இல்லை எனலாம். ஆகவே, அந்நாள்களில் மண்டபம் வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுக்கோ வாரநாளுக்கோ ஒப்புக்கொண்டால் விலை சற்றுக் குறையவும் கூடும். அனுபவமுள்ள ஏற்பாட்டாளரின் மேசையில் எல்லாச் சமயத்தாரின் நாள்காட்டிகளும் இருக்கும்.

தேதியைப் போலவே நேரமும் முக்கியம். தீபகற்ப மலேசியாவில் மக்ரிப் தொழுகை நேரம் ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் தொடங்குகிறது. எனவே, ஏழரை மணிக்கு மேடையில் உரையைத் தொடங்கினால் முஸ்லிம் பணியாளர்கள் தொழுகையையோ உரையையோ விட வேண்டியிருக்கும். பதிவை ஆறரை மணிக்குத் தொடங்கி, தொழுகைக்கு ஓர் அறையை ஒதுக்கி, முதல் நிகழ்ச்சியை எட்டு மணிக்கு வைத்தால் யாருக்கும் இடையூறு இல்லை. எட்டு மணிவரை பசியோடு இருப்போருக்குத் தேநீரும் பலகாரமும் கொடுத்துவிடலாம்.

தொழிற்சாலைகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும் இடத்தில் பணியாளர்கள் சுழல்முறையில் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை இரவு விருந்து என்றால், அன்றிரவு வேலை செய்யும் நூறு பேர் என்ன செய்வது? சில நிறுவனங்கள் ஓர் இரவு உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன. சில, விருந்தை இரண்டு இரவுகளாகப் பிரிக்கின்றன. இன்னும் சில நிறுவனங்கள் இரவுப் பணியாளர்களுக்கு ஒரு பொட்டலம் சோற்றை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. மூன்றாவது வழி மலிவானதுதான். ஆனால், அந்த நூறு பேரும் அதை நெடுநாள் மறக்கமாட்டார்கள். உற்பத்தியை நிறுத்துவதால் ஏற்படும் இழப்பு, இரண்டு இரவுகளுக்கான கூடுதல் மண்டபச் செலவு ஆகியவற்றை ஏற்பாட்டாளர் கணக்கிட்டுத் தரலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நிர்வாகத்தின் கையில் உள்ளது. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருப்போருக்குச் சொந்த வாகனம் இருக்காது. பேருந்து ஏற்பாடு செய்யாவிட்டால், பெயரளவில் அழைக்கப்பட்ட அவர்கள் வர இயலாது. திரும்பிச் செல்லும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் முன்பே அறிவிக்க வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கலின் பெரிய பரிசை இரவு பதினொன்றரைக்கு வைத்துவிட்டு, பேருந்தைப் பதினொரு மணிக்கு அனுப்பும் ஏற்பாடுகளும் நடக்கத்தான் செய்கின்றன!

இனி உணவு. விருந்தைப் பற்றி மறுநாள் பேசுவோர் முதலில் பேசுவது இதைத்தான். முஸ்லிம்கள் உண்பதற்கு ஹலால் உணவு கட்டாயம் தேவை. சமையலறை ஜாக்கிமின் ஹலால் சான்றிதழைப் பெற்றுள்ளதா என்பதை வாய்ச்சொல்லாகக் கேட்டால் போதாது. சான்றிதழையும் அது காலாவதியாகும் தேதியையும் பார்க்க வேண்டும். இந்துக்களில் பலரும் பௌத்தர்களில் சிலரும் மாட்டிறைச்சி உண்பதில்லை. அதனால், பல ஏற்பாட்டாளர்கள் கோழி, மீன், காய்கறி ஆகியவற்றை மட்டும் கொண்டு உணவுப் பட்டியலை அமைக்கின்றனர். சைவம் என்ற சொல்லுக்கும் ஒரே பொருள் இல்லை. தமிழர் பலரின் சைவத்தில் பாலும் தயிரும் உண்டு, வெங்காயமும் பூண்டும் உண்டு. சீன பௌத்தர் பலரின் சைவத்தில் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இடமில்லை. முட்டையைச் சைவத்தோடு சேர்ப்பவரும் உள்ளனர், சேர்க்காதவரும் உள்ளனர். எனவே, பதிவுப் படிவத்தில் “சைவமா?” என்று மட்டும் கேட்காமல், எதை உண்பதில்லை என்று கேட்பது நல்லது. கடலை, இறால் போன்றவற்றால் ஒவ்வாமை உடையவர்களையும் அதே கேள்வி கண்டுபிடித்துவிடும்.

கேட்டு எழுதிக்கொண்டால் மட்டும் போதுமா? பத்துப் பேர் அமர்ந்த மேசையில் ஒருவர் மட்டும் சைவம் என்று வைத்துக்கொள்வோம். பரிமாறுபவருக்கு அவர் யாரென்று தெரியாது. மற்ற ஒன்பது பேரும் இரண்டாவது உணவு வகையை முடித்துவிட்ட பிறகும் அவர் தட்டு வெறுமையாக இருக்கும். அவர் கையை உயர்த்திக் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்படுபவர் பேசாமல் இருந்துவிடுவார். தொழில் தெரிந்த ஏற்பாட்டாளர் அவருடைய பெயர் அட்டையைப் பச்சை நிறத்தில் அச்சிட்டு, அவர் இருக்கைக்கு முன்னால் வைத்துவிடுவார். சமையலறைக்கு மேசை எண்ணும் சைவ உணவு எண்ணிக்கையும் கொண்ட பட்டியல் போய்விடும். சில சென் செலவில் அச்சாகும் ஓர் அட்டை, ஒரு மனிதரின் சங்கடத்தைத் தவிர்த்துவிடுகிறது.

தாமே எடுத்துண்ணும் முறையில் உணவு வைத்தால் வேறொரு கணக்குப் போட வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் பதினைந்து விநாடிக்கு ஒருவர் நகர்கிறார் எனக் கொள்வோம். நானூறு பேரும் ஒரே வரிசையில் நின்றால் கடைசி ஆள் நூறு நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு நீண்ட மேசைகளைப் போட்டு, இருபுறமும் எடுக்க விட்டால் வரிசைகள் நான்காகும். காத்திருப்பு இருபத்தைந்து நிமிடமாகக் குறையும். உணவின் அளவோ விலையோ இதனால் மாறுவதில்லை.

பணத்தைப் பற்றியும் பார்ப்போம். ஒரு மேசையின் விலை 1,000 ரிங்கிட் என்று விடுதி கூறுகிறது. நாற்பது மேசைக்கு 40,000 ரிங்கிட் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் அரசாங்கச் சேவை வரியும் அதில் சேரவில்லை என்று பொருள். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, உணவுக்கான சேவை வரி 6 விழுக்காடு எனில் ஒரு மேசையின் விலை 1,160 ரிங்கிட் அளவுக்கு உயர்ந்துவிடும். நாற்பது மேசைக்கு 46,400 ரிங்கிட். அதாவது, 6,400 ரிங்கிட் அதிகம். அடுத்தது, உத்தரவாத எண்ணிக்கை. நிகழ்ச்சிக்குச் சில நாள்களுக்கு முன்பே இத்தனை மேசை என்று விடுதியிடம் உறுதியளிக்க வேண்டும். அதற்குக் குறைவாக ஆட்கள் வந்தாலும் பணம் முழுமையாகக் கொடுக்க வேண்டியதுதான். அனுபவமுள்ளவர்கள் கடந்த ஆண்டுகளின் வருகைப் பதிவைப் பார்த்து, முப்பத்தாறு மேசையை உறுதி செய்துவிட்டு, நான்கு மேசையைத் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளும்படி விடுதியிடம் பேசி வைப்பார்கள்.

ஒப்பந்தத்தில் நிகழ்ச்சியை ஒத்திவைப்பது பற்றிய விதி இருக்கிறதா என்பதையும் படிக்க வேண்டும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நாட்டில் ஒன்றுகூடல்கள் அனைத்தும் நின்றுபோயின. முன்பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதிக்கு மாற்றப்படுமா என்பதை அன்று ஒப்பந்தத்தில் இருந்த ஓரிரு வரிகளே முடிவு செய்தன. அதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத வரிகள் அவை.

ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது குறைந்தது மூன்று பேரிடம் விலைப்பட்டியல் கேட்பது வழக்கம். “மேடை, ஒலி, ஒளி: மொத்தம் இவ்வளவு” என்று ஒரே வரியில் எழுதித் தருபவரைவிட, ஒவ்வொன்றையும் பிரித்து எழுதித் தருபவரே நம்பத் தக்கவர். சிலர் மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு எனத் தங்கள் கட்டணத்தை வாங்குகிறார்கள். அப்படியானால், நிறுவனம் அதிகம் செலவழிக்க அழிக்க அவர்களுக்கு வருமானம் கூடும். நிலையான கட்டணமே இரு தரப்புக்கும் நல்லது என்பது என் கருத்து. மேலும், பேச வருபவர்தாம் நிகழ்ச்சி நாளன்றும் மண்டபத்தில் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இனிமையாகப் பேசுபவர் ஒருவரும், அன்றிரவு நிற்பவர் அனுபவமில்லாத வேறொருவருமாக அமைந்துவிடுவது உண்டு.

நிகழ்ச்சி நிரல் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது அழைப்பிதழின் உட்பக்கத்தில் உள்ள ஏழெட்டு வரிகள்தாம். ஏற்பாட்டாளரின் கையில் உள்ள நிரல் வேறு. அது நிமிடக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். எந்த நேரத்தில் யார் மேடையில் இருப்பார், எந்த விளக்கு எரியும், எந்த ஒலிவாங்கி திறந்திருக்கும், சமையலறையிலிருந்து எந்த உணவு புறப்படும் என்பன அதில் வரிசையாக இருக்கும். எட்டு வகை உணவைக் கால் மணி நேர இடைவெளியில் பரிமாறினால் இரண்டு மணி நேரம் ஆகும். தலைமை இயக்குநர் பத்து நிமிட உரையை அரை மணி நேரமாக நீட்டினால், சமையலறையில் மீன் ஆறிக்கொண்டிருக்கும். மேடைக்கும் சமையலறைக்கும் இடையே ஓயாமல் பேசிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். தலைமை இயக்குநரிடம் “நேரமாகிவிட்டது” என்று கூறும் துணிவு அந்நிறுவனத்துப் பணியாளருக்கு வராது. வெளியிலிருந்து வந்த ஏற்பாட்டாளருக்கு வரும். இதுவும் அவரை அமர்த்துவதில் உள்ள ஒரு பயன்தான்.

விருது வழங்கும் அங்கத்துக்குச் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. நாற்பது பேருக்கு நீண்டகாலச் சேவை விருது வழங்குகிறார்கள். ஒவ்வொருவரும் தம் மேசையிலிருந்து எழுந்து, நடந்து, மேடையேறி, விருது பெற்று, படம் எடுத்துக்கொள்ள முக்கால் நிமிடம் ஆனால் மொத்தம் முப்பது நிமிடம். மண்டபத்தில் பேச்சுச் சத்தம் எழுந்துவிடும். முப்பதாவது ஆளின் பெயர் யார் காதிலும் விழாது. ஐந்து ஐந்து பேராக முன்கூட்டியே மேடைக்கு அருகில் நிறுத்தி வைத்தால் ஏறத்தாழ பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். மிச்சமான நேரத்தில் ஒவ்வொருவரும் எந்தப் பிரிவில் என்ன வேலை செய்தார் என்று ஒரு வரி சொல்ல முடியும்.

பெயரைச் சரியாகச் சொல்வதும் இங்குதான் முக்கியமாகிறது. அறிவிப்பாளர் தமிழ் அறியாதவராக இருந்தால் தமிழ்ச்செல்வியின் பெயரில் உள்ள ழகரம் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் உயிரெழுத்தே இல்லாமல் இரண்டு எழுத்துகளில் எழுதப்படும் சீனக் குடும்பப் பெயரைப் பார்த்து நம் அறிவிப்பாளரும் திணறுவார். இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு மேடையேறும் ஒருவரின் பெயரைத் தவறாக அழைப்பதும், அதைக் கேட்டு மண்டபம் சிரிப்பதும் மிகக் கொடுமை. விருது பெறுவோர் தத்தம் பெயரைத் தாமே உச்சரித்துக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பும்படி கேட்டால் போதும். அறிவிப்பாளர் அதைக் கேட்டுப் பயிற்சி செய்துகொள்வார். குடும்பத்தாரையும் அன்று அழைக்க முடிந்தால் இன்னும் சிறப்பு.

பூ அலங்காரம், மேசைத் துணியின் நிறம் போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்பாட்டுக் குழுக் கூட்டங்களில் இவற்றுக்குத்தான் அதிக நேரம் போகிறது.

நிகழ்ச்சி நாளன்று பிற்பகலில் ஒத்திகை நடக்கும். கம்பியில்லா ஒலிவாங்கிகளுக்குப் புதிய மின்கலன்கள் போடப்படும். திரையில் காட்ட வேண்டிய படங்களை அதே மடிக்கணினியில், அதே திரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். மேடையின் பின்திரையும் அலங்கார வளைவுகளும் அவசர வழிகளை மறைக்கக் கூடாது. மறைத்தால் தீயணைப்பு விதிகளுக்குப் புறம்பாகும். சக்கர நாற்காலியில் வரும் பணியாளர் விருது பெறுகிறார் என்றால் மேடைக்குச் சாய்தளம் வேண்டும். சாய்தளம் கிடைக்காவிட்டால் விருது தருபவர் கீழே இறங்கி வரவேண்டும். இதையும் ஒத்திகையிலேயே தீர்மானித்துவிட வேண்டும். விருது நேரத்தில் நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு மேடையேறும் காட்சி யாருக்கும் பெருமை தராது.

விருந்து முடிந்ததும் பணியாளர்கள் பேருந்து ஏறுவார்கள். மண்டபத்தில் ஏற்பாட்டாளரின் ஆட்கள் மேடையைப் பிரித்து, கம்பிகளைச் சுருட்டி, விளக்குகளை இறக்கி, நள்ளிரவுக்குப் பின் இரண்டு மூன்று மணிவரை வேலை செய்வார்கள். ஓரிரு வாரங்களில் நிறுவனமும் ஏற்பாட்டாளரும் மீண்டும் அமர்ந்து கணக்கை முடிப்பர். அப்போது, எத்தனை பேர் பதிவு செய்தனர், எத்தனை பேர் வந்தனர், பத்து மணிக்கு முன்பே எத்தனை பேர் கிளம்பிவிட்டனர், அவர்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பன எல்லாம் மேசைக்கு வரும். முன்னதாகவே கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ஒரே பிரிவினர் என்றால், மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்களுக்கு வேலை இருந்ததா என்று வேலை அட்டவணையை எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த ஆண்டுக்கான தேதியைப் பற்றிய பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.